வீட்டை இடிச்சு கட்டப் போறீங்களா? பக்கத்து வீட்டோடு சண்டை வராமல் இருக்க என்ன செய்யணும்? முழு விவரம்

வீட்டு வேலை என்று வந்துவிட்டால் பணம், மேஸ்திரி, எம்.சாண்ட் விலை, வாஸ்து என எல்லாவற்றையும் யோசிப்போம். பக்கத்து வீட்டைப் பற்றி மட்டும் யோசிக்க மாட்டோம். வேலை ஆரம்பித்த மூன்றாவது நாள், "யாரைக் கேட்டு இங்க மண்ணைக் கொட்டினீங்க?" என்று ஒரு குரல் வரும்போதுதான் அப்படி ஒரு வீடு இருப்பதே ஞாபகத்துக்கு வரும்.

வேலை ஆறு மாசத்தில் முடிந்துவிடும். ஆனா அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு அதுக்கப்புறம் 20, 30 வருஷம் வாழணும். அவசரத்துக்கு முதலில் ஓடி வரப்போவதும் அவர்தான்.

தருமபுரி மாவட்டத்தில் சேலம் - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர் நல்லம்பள்ளி. இதுபோன்ற ஊர்களில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு தளம் போடுவதும், இருக்கிற வீட்டின் மேல் மாடி எடுப்பதும் வழக்கமாக நடப்பவை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், டிராக்டர் ஒன்று நின்றால் மறுபக்கம் வண்டி போக முடியாத தெரு. இங்கே ஒருத்தர் வீட்டு வேலை என்பது, உண்மையில் இரண்டு மூன்று வீட்டு வேலை.

அப்படியானால் என்ன செய்யணும்? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சண்டை எதனால் வருகிறது?

சத்தம், தூசி, மணல் குவியல். கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். ஆனா கொஞ்சம் பேசிப் பார்த்தால், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்பதுதான் உள்ளே இருக்கும் வருத்தம்.

நாளைக்கு இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் துணியை உள்ளே காயப்போடலாம், கைக்குழந்தையை அம்மா வீட்டுக்கு அனுப்பலாம், டிவியை மூடி வைக்கலாம். தெரியாமல் நடந்தால் அதே தூசி அவமரியாதையாகத் தெரியும்.

இரண்டாவது காரணம், ஆதாரம் இல்லாதது. "இந்த விரிசல் உங்க வேலையாலதான் வந்துச்சு" என்பார் அவர். "அது போன மழையிலேயே இருந்துச்சே" என்பீர்கள் நீங்கள். இரண்டு பேரும் பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் யாரிடமும் ஒரு போட்டோகூட இருக்காது.

ஆக, வேலைக்கு முன்பே சொல்வது, எழுதி வைப்பது, பாதித்ததை உடனே சரிசெய்வது. கீழே வரும் எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கும்.

கடப்பாரை எடுக்கும் முன் முதல் வேலை என்ன?

எல்லை. பத்திரத்தில் இருக்கும் அளவும், தரையில் இருக்கும் சுவரும் பல இடங்களில் ஒத்துப்போகாது. தாத்தா காலத்தில் கட்டிய மண் சுவர் ஒரு முழம் உள்ளேயோ வெளியேயோ இருக்கலாம். பழைய சுவர் நிற்கும்வரை யாருக்கும் பிரச்சினை இல்லை. அது இடிந்த மறுநாளே எல்லைப் பிரச்சினை ஆரம்பம்.

அதனால் சுவர் நிற்கும்போதே நில அளவருக்கு விண்ணப்பித்து அளந்து, அத்து காட்டச் சொல்லுங்கள். வருவாய்த் துறையில் இதற்குக் கட்டணம் செலுத்தி முறையாக விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். அவர் இல்லாதபோது ஊன்றிய கல்லை அவர் நம்ப மாட்டார். அவர் கண் முன்னால் ஊன்றிய கல்லுக்குப் பிறகு பேச்சே இருக்காது.

அடுத்தது கட்டட அனுமதி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் நடைமுறைக்கு வந்தன. மாநகராட்சிக்கு மட்டுமல்ல, கிராம ஊராட்சிக்கும் இவை பொருந்தும். வெள்ளையடிப்பது, பூச்சு வேலை போன்ற சில்லறை வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை. மாடி எடுப்பது, இடித்துக் கட்டுவது, புது அறை சேர்ப்பது எல்லாம் அனுமதி வாங்க வேண்டிய வேலைகள்.

2024 ஜூலையில் சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் திட்டத்தை தமிழக அரசு கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம் அல்லது தரைத்தளத்துடன் முதல் தளம் கட்டுபவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். நேரில் வந்து பார்க்கும் முன்ஆய்வு கிடையாது. வசதிதான். ஆனா விதிப்படி இடம் விட்டிருக்கிறேன் என்று நீங்களே உறுதி கொடுக்கிறீர்கள். தப்பு இருந்தால் அதை முதலில் கண்டுபிடிக்கப் போவது அதிகாரி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்.

யாரிடம், எப்போது, என்ன சொல்வது?

குறைந்தது இரண்டு, மூன்று வாரம் முன்பு. இரண்டு பக்கத்து வீடு, பின் வீடு, எதிர் வீடு, எல்லோரிடமும். போனில் வேண்டாம், நேரில் போய். வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். வீட்டு உரிமையாளரிடம் மட்டும் சொன்னால், தினமும் தூசி தின்னப்போகும் குடும்பத்துக்கு விஷயமே தெரியாது.

சொல்ல வேண்டியவை ஐந்து:

* வேலை எப்போது ஆரம்பம், எப்போது முடியும்
* சத்தம் அதிகம் இருக்கும் நாட்கள் எவை (இடிப்பது, பாறை உடைப்பது, தளம் போடுவது, டைல்ஸ் வெட்டுவது)
* ஜல்லி, செங்கல், மணல் எங்கே இறங்கும்
* பொதுச்சுவரில் கை வைக்கப் போகிறோமா
* பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது

எப்படிச் சொல்வது? இப்படிச் சொல்லலாம்:

"அக்கா, தை பிறந்ததும் வேலை ஆரம்பிக்கிறோம். முதல் வாரம் இடிக்கிற வேலை. தூசியும் சத்தமும் ஜாஸ்தியா இருக்கும். மேஸ்திரி நம்பர் இது, என் நம்பர் உங்ககிட்ட இருக்கு. எதுனாலும் எனக்கே கூப்பிடுங்க. பாப்பாவுக்கு பரீட்சை எப்போன்னு சொன்னீங்கன்னா அந்த நாள்ல மெஷின் ஓட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

இரண்டு நிமிஷப் பேச்சுதான். ஆனா இதில் கேள்வியும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கலாம். ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் பெரியவர் இருக்கலாம். காதுகுத்து, நிச்சயதார்த்தம் வைத்திருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

நாட்களைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆறு மாசம் ஆகும் என்றால் ஆறு மாசம் என்றே சொல்லுங்கள். "ரெண்டே மாசம்" என்று சொல்லிவிட்டு ஆறு மாசம் இழுத்தால், மூன்றாவது மாசத்திலிருந்து நீங்கள் சொல்வது எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். தருமபுரி மாவட்டத்தில் பலர் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். பணம் அங்கிருந்து வரும், வீடு இங்கே எழும்பும். உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். இடைப்பட்ட நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் கேட்டால், "ஓனர்கிட்ட பேசிக்கோங்க" என்ற பதில்தான் வரும். நீங்கள் வெளியூரில் இருந்தால், முடிவெடுக்கும் அதிகாரத்தோடு உள்ளூரில் ஒரு சொந்தக்காரரை நியமித்து, "இவர் சொன்னா நான் சொன்ன மாதிரி" என்று இரண்டு பக்கமும் அறிமுகப்படுத்திவிடுங்கள்.

போட்டோ எதுக்கு?

இங்கிலாந்து, வேல்ஸில் பொதுச்சுவருக்கென்றே 1996-ல் ஒரு தனிச்சட்டம் போட்டிருக்கிறார்கள். பொதுச்சுவரில் கை வைப்பதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டுக்கு எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அருகில் ஆழமாகத் தோண்டுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பு. 14 நாளுக்குள் அவர் சம்மதம் தராவிட்டால் பெரும்பாலும் விஷயம் கட்டட நிபுணர்களிடம் போகும். வேலை தொடங்கும் முன் பக்கத்து வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவு செய்து வைப்பதும் அங்கே வழக்கம்.

நம்மிடம் அப்படித் தனிச்சட்டம் இல்லை. ஆனா அந்தப் பதிவை நாமே செய்துகொள்ளலாம். செலவு ஒரு பைசா கிடையாது.

இடிக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரர் அனுமதியோடு, அவர்களையும் வைத்துக்கொண்டு, உங்கள் பக்கம் இருக்கும் சுவர், தரை, கூரை, தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டு எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். இருக்கும் விரிசல்களின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதுங்கள். விரிசல் நீண்டால் கோட்டைத் தாண்டிப் போவது கண்ணுக்கே தெரியும். வீடியோவை அன்றைக்கே அவர்கள் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள். இரண்டு பேர் போனிலும் ஒரே ஆதாரம்.

"என்ன, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவர் கேட்கலாம். "நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனா நான் மறுக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

இடிக்கும்போதும் தோண்டும்போதும் கவனிக்க வேண்டியது

இதுவரை சொன்னது மனஸ்தாபம் பற்றி. இனி சொல்வது உயிர் பற்றி.

2019 டிசம்பர் 2. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே நடூரில், விடாத மழையில் சுமார் 20 அடி உயர காம்பவுண்டு சுவர் ஒன்று விடியற்காலையில் சரிந்து, ஒட்டியிருந்த வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் உயிரிழந்தார்கள். அந்தச் சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தோம் என்றார்கள் அந்தக் குடியிருப்பு மக்கள்.

அது வீட்டு வேலையின்போது நடந்த விபத்து இல்லை. ஆனா வீட்டு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அதில் பாடம் இருக்கிறது. நம் சுவரின் முன்பக்கத்தைத்தான் நாம் பார்க்கிறோம். அதன் பின்பக்கத்தைத் தினமும் பார்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். "உங்க சுவர் இந்தப் பக்கம் சாயுற மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னால் அதைப் புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

பொதுச்சுவர்: பாகப்பிரிவினையில் பிரிந்த அண்ணன் தம்பி வீடுகளில் நடுச்சுவர் பெரும்பாலும் இரண்டு வீட்டுக்கும் பொது. அவர்கள் உத்தரமும் கூரையும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். "என் பங்கை மட்டும் இடிக்கிறேன்" என்று பாதிச் சுவரைச் செதுக்க முடியாது. எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கி, முட்டுக்கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். அந்தச் சுவரை அப்படியே விட்டுவிட்டு உள்பக்கம் தனிச்சுவர் எழுப்புவது பல நேரங்களில் நிம்மதி.

அஸ்திவாரம்: பழைய வீடுகளின் அஸ்திவாரம் ஆழம் குறைவு. நீங்கள் அதைவிட ஆழமாகத் தோண்டினால் அவர்கள் சுவருக்கு அடியில் இருக்கும் மண் உங்கள் குழிக்குள் சரியும். எல்லையோரம் முழு நீளத்துக்கும் ஒரே நாளில் தோண்டக் கூடாது. கொஞ்சம் தோண்டி, கட்டி, மூடிவிட்டு அடுத்த பகுதிக்குப் போகணும். திறந்த குழியை மழைக்கு விட்டு வைப்பது ரொம்ப ஆபத்து. அடுத்தவர் நிலத்துக்கு உங்கள் நிலம் இயல்பாகக் கொடுக்கும் பக்கவாட்டுத் தாங்கலை எடுத்துவிடக் கூடாது என்பதை 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் 7-ஆவது பிரிவிலேயே சொல்கிறது.

பாறை: தருமபுரி பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும் இடங்கள் நிறைய. பிரேக்கர் வைத்து உடைக்கும்போது அதிர்வு பக்கத்து வீட்டுப் பாத்திரம் வரை போகும். அந்த நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் வெடி வைப்பது குற்றம், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வேலையோடு வேலையாக போர் போடுவதாக இருந்தால் அதற்கும் ஊராட்சியில் முன்அனுமதி வேண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதா 290-ஆவது பிரிவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை இடிக்கும்போதோ, பழுது பார்க்கும்போதோ, கட்டும்போதோ, அது விழுந்து உயிருக்கு ஆபத்து வராதபடி போதிய முன்னெச்சரிக்கை எடுக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம். யாரும் சாக வேண்டியதில்லை. முன்னெச்சரிக்கை எடுக்காததே குற்றம்.

எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை சத்தம் போடலாம்?

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ன்படி காலை 6 முதல் இரவு 10 மணி வரை பகல். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளைக் குடியிருப்புப் பகுதியில் இயக்கவே கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் ஆகலாம், அங்கே வரம்பு இன்னும் குறைவு.

சட்டம் 6 மணி என்று சொல்கிறதே என்று காலை 6 மணிக்கு மெஷினைப் போட்டால் சட்டப்படி தப்பிக்கலாம், தெருவில் தப்பிக்க முடியாது. பிரேக்கர், டைல்ஸ் கட்டர், ட்ரில்லிங் எல்லாம் காலை 9-க்கு மேல், மாலை 6-க்குள் என்று மேஸ்திரியிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் முழுக்க நிற்கட்டும். குழந்தையைத் தூங்க வைக்க அந்த ஒரு மணி நேரம் போதும்.

தளம் போடும் நாள் தனிக் கதை. பாதியில் நிறுத்த முடியாது. மிக்சர், வைப்ரேட்டர், இருபது முப்பது ஆட்கள் என்று தெருவே அதிரும். இரவுக்குள் முடியும்படி காலையிலேயே ஆரம்பியுங்கள். இரண்டு நாள் முன்பே தெருவில் சொல்லுங்கள். அன்றைக்கு வேலையாட்களுக்குச் சாப்பாடு போடுவது நம்ம வழக்கம். அதில் இரண்டு பொட்டலம் பக்கத்து வீட்டுக்கும் போகட்டும்.

தெருவில் துக்கம் நடந்தால் கேட்காமலேயே வேலையை நிறுத்துங்கள். ஒரு நாள் கூலி நஷ்டம்தான். ஆனா அன்றைக்கு மெஷின் ஓடிய வீட்டை ஊர் மறக்காது.

தூசி, மணல், தண்ணீர்

தூசி: பக்கத்து வீட்டை ஒட்டிய சாரத்தில் பச்சை வலை கட்டுங்கள். இடிக்கும் முன்பும், இடிக்கும்போதும் தண்ணீர் தெளியுங்கள். டைல்ஸ், கிரானைட்டை உலர்வாக வெட்ட விடாதீர்கள். அந்த வெள்ளைத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். வீசிங் இருப்பவர்களுக்கு உடனே இழுக்கும். வேலையாட்களுக்கும் அதே ஆபத்துதான்.

மணல், ஜல்லி: தெரு உங்கள் இடம் இல்லை. வேறு வழியில்லாமல் ஓரமாகக் கொட்ட வேண்டி வந்தால் ஆம்புலன்ஸ் போகும் அளவுக்கு வழி விடுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து லோடு இறக்காமல் தேவைக்கு ஏற்ப இறக்குங்கள். இரவில் ஜல்லியில் பைக் சறுக்கினால் விழுவது யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. சாயங்காலம் பெருக்கிவிட்டு, குவியல் பக்கத்தில் ஒரு லைட் போடுங்கள்.

இடிபாடு: கட்டுமானக் கழிவைச் சாக்கடையிலோ, போக்குவரத்துக்கும் மக்களுக்கும் இடைஞ்சலாகவோ கொட்டக் கூடாது என்று 2016-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. பக்கத்து காலி மனை காலியாகத்தான் இருக்கிறது. அதற்கும் ஒரு உரிமையாளர் இருக்கிறார். கேட்டுவிட்டுக் கொட்டுங்கள்.

தண்ணீர்: தருமபுரியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பிரச்சினை உண்டு. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தக் குடிநீரைக் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சி சுவருக்கு அடித்தால் தெருவே பகையாகும். கட்டுமானத் தண்ணீரை லாரியிலோ சொந்த போரிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள், பிபிசி வகை சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அத்தனை நாளும் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் வழியாமல் பாத்தி கட்டுவது உங்கள் வேலை.

ஜன்னல், சன்ஷேடு, மழைநீர்

வேலை முடிந்த பிறகும் தொடரும் சண்டைகள் இவை.

சன்ஷேடு, படிக்கட்டு, ஏசி அவுட்டோர் யூனிட், பைப் எதுவும் எல்லைக்கோட்டைத் தாண்டி அவர்கள் பக்கம் தொங்கக் கூடாது. மாடித் தண்ணீர் அவர்கள் வாசலில் விழக் கூடாது. எப்படியும் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக உங்கள் தொட்டிக்கே கொண்டுவந்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

வெளிச்சமும் காற்றும்: ஒரு கட்டடத்தின் ஜன்னலுக்கு 20 ஆண்டுகளாகத் தடையின்றி, உரிமையோடு வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தால் வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி அது உரிமையாகவே மாறிவிடும். உங்கள் புதுச்சுவர் அதைப் பெருமளவு அடைத்தால் அவர்கள் நீதிமன்றம் போகலாம். பிளான் போடும்போதே பக்கத்து ஜன்னல் எங்கே இருக்கிறது என்று இன்ஜினியரிடம் காட்டுங்கள்.

அந்தரங்கம்: நீங்கள் வைக்கும் புது ஜன்னல் அவர்கள் குளியலறைக்கோ கொல்லைப்புறத்துக்கோ நேராக இருக்கிறதா? உள்ளூர் வழக்கத்தால் அந்தரங்கத்துக்கான உரிமை உருவாக முடியும் என்று அதே சட்டம் 18-ஆவது பிரிவில் உதாரணத்தோடு சொல்கிறது. வழக்கு வரை போவானேன்? ஜன்னலை இரண்டடி தள்ளி வைக்கலாம், உயரத்தில் வைக்கலாம், மங்கலான கண்ணாடி போடலாம். கட்டும் முன் மாற்ற ஒரு பென்சில் போதும்.

சேதம் ஆனால் யார் பொறுப்பு? மேஸ்திரியா, வீட்டுக்காரரா?

"அதை மேஸ்திரிகிட்ட கேளுங்க." பக்கத்து வீட்டுக்காரரை அதிகம் கோபப்படுத்தும் பதில் இதுதான். சட்டத்திலும் இது பெரும்பாலும் எடுபடாது.

இங்கிலாந்தில் 1876-ல் ஒரு வழக்கு வந்தது. ஒருவர் தன் வீட்டை இடித்து, அஸ்திவாரம் தோண்டும் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டார். பக்கத்து வீட்டுக்குத் தாங்கல் போய் சேதம். "பக்கத்து வீட்டைப் பாதுகாக்க வேண்டியது ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று எழுதி வாங்கியிருக்கிறேனே" என்றார் உரிமையாளர். நீதிமன்றம் ஏற்கவில்லை. இயல்பிலேயே பக்கத்து வீட்டுக்கு ஆபத்து தரக்கூடிய வேலையைச் செய்யச் சொல்பவர், அந்த ஆபத்தைத் தடுக்கும் கடமையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுக் கழன்றுகொள்ள முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அதனால் இரண்டு விஷயம் செய்யுங்கள். ஒன்று, மேஸ்திரியோடு போடும் ஒப்பந்தத்தில் பக்கத்து வீட்டுச் சேதத்தைச் சரிசெய்வதும் அடக்கம் என்று எழுதி, கடைசித் தவணையில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். இரண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம், "சரி பண்ணித் தர்றேன்" என்று நீங்களே சொல்லுங்கள். மேஸ்திரியிடம் அப்புறம் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடு உடைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். "கடைசியில மொத்தமா பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்ட ஓட்டை வழியாகத்தான் அடுத்த மழை அவர்கள் வீட்டுக்குள் வரும்.

நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரா? உங்களுக்கும் சில

உங்கள் பக்கம் சாரம் கட்டினால்தான் அவர்களால் வெளிச்சுவரைப் பூச முடியும். பூசாத சுவரில் இறங்கும் ஈரம் உங்கள் பக்கமும் பரவலாம். ஆனாலும் பலர் அனுமதி கொடுக்கத் தயங்குவார்கள். "இன்னைக்கு விட்டா நாளைக்கு பாத்தியதைன்னு சொல்லிடுவாங்க" என்ற பயம்.

அந்தப் பயம் தேவையில்லை. அனுமதி கேட்டு, அனுமதியின் பேரில் நுழைந்தது எத்தனை வருஷம் ஆனாலும் உரிமை ஆகாது. உரிமையாகவே அனுபவித்ததுதான் ஆகும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எதற்காக என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

குறைகளை அன்றன்றைக்குச் சொல்லுங்கள். மூன்று மாசம் பொறுத்துவிட்டு ஒரே நாளில் கொட்டினால் கேட்பவருக்கு எதைச் சரிசெய்வது என்றே தெரியாது. வேலையாட்களைத் திட்டாதீர்கள். அவர்கள் சொன்னதைச் செய்பவர்கள். உரிமையாளரிடம் பேசுங்கள்.

பேசியும் தீரலைன்னா எங்கே போவது?

1. எல்லை, அனுமதி, தெரு ஆக்கிரமிப்பு: முதலில் கிராம ஊராட்சி, அடுத்து வட்டார வளர்ச்சி அலுவலர். நில அளவு என்றால் வட்டாட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

2. உயிருக்கு ஆபத்து: சுவர் சாய்கிறது, பள்ளம் சரிகிறது என்றால் காத்திருக்காதீர்கள். முதலில் வீட்டை விட்டு வெளியே வாருங்கள், உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள். விழக்கூடிய நிலையில் இருக்கும் கட்டடத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ உத்தரவிடும் அதிகாரம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆவது பிரிவின்படி கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவருக்கு உண்டு.

3. இழப்பீடு, பொதுச்சுவர் தகராறு: காவல் நிலையத்தில், "இது சிவில் மேட்டர்" என்று சொல்லிவிடலாம். நேராகக் கோர்ட்டுக்குப் போகும் முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்துக்கு விஷயத்தைக் கொண்டுபோகலாம். கட்டணம் கிடையாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு. ஆனால் அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

4. கடைசி வழி: சிவில் நீதிமன்றத்தில் தடையாணை. உரிமை பறிபோகிறது என்றால் தயங்க வேண்டாம். ஆனால் பாதிக் கட்டடத்தோடு வேலை நின்றால் அவருக்கும் நஷ்டம், இடிபாட்டுக்கு நடுவில் வாழும் உங்களுக்கும் கஷ்டம்.

சுருக்கமாகச் சொன்னால்

* 3 வாரம் முன்பு: எல்லை அளந்து, அனுமதி வாங்கி, நாலு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள்
* முந்தைய நாள்: பக்கத்து வீட்டை வீடியோ எடுத்து அவர்களுக்கும் அனுப்புங்கள்
* வேலை நடக்கும்போது: மெஷின் 9 முதல் 6 வரை, பச்சை வலை, தினமும் தெருவைப் பெருக்குவது
* சேதம் ஆன அன்று: மேஸ்திரியைக் கைகாட்டாமல் நீங்களே போய்ப் பாருங்கள்
* முடியும்போது: அவர்கள் சுவரில் தெறித்த சிமெண்டைச் சுரண்டி, வெள்ளையடித்துக் கொடுங்கள்

அந்தக் கடைசி வேலையைப் பெயிண்டர் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. அரை நாள் கூலி ஆகும். அடுத்த வாரம் கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு அவர்கள் வாசலில் போய் நிற்கும்போது, "வாங்க, உட்காருங்க" என்று கதவு திறக்கும். பால் காய்ச்சும் அன்று முதல் ஆளாக வந்து நிற்பதும் அவர்களாகத்தான் இருக்கும்.